கோவையிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி காலமானார். சிங்கப்பூரில் வேலையிலிருந்த அவருடைய பேரன், மறுநாள் காலை எட்டு மணி விமானத்தில் அங்கிருந்து புறப்படுவதாகச் செய்தி வந்தது. எப்போது வந்து சேருவான் என்று வீட்டார் என்னைக் கேட்டனர். பிரயாணம் நாலேகால் மணி நேரம். ஆகவே பன்னிரண்டேகாலுக்கு என்றேன். பல்லாண்டு பூகோளம் கற்பித்தவன் சொன்ன விடை அது! பேரன் ஒன்பதரை மணிக்கே பீளமேட்டில் இறங்கித் தொலைபேசியில் அழைத்தபோது, அவனுக்காக அனுப்ப வேண்டிய கார் இன்னும் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தது. பாட்டியின் உடல் கூடத்தில் காத்திருந்தது.

என் பிழை யாது? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை எட்டு என்றால் இங்கே ஐந்தரை. அதனுடன் நாலேகாலைக் கூட்டினால் 9-45. பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கிலேயே அச்சிடப்படுகின்றன. அவற்றை நேரே கழித்துப் பார்ப்பவருக்குப் போவதற்கு ஆறேமுக்கால் மணியும், வருவதற்கு ஒன்றேமுக்கால் மணியும் ஆவதாகத் தோன்றும்.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரியன் விதித்ததன்று. கோவை 77 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் சிங்கப்பூர் 104 பாகையிலும் உள்ளன. பாகைக்கு நான்கு நிமிடமாக 27 பாகைக்கு 108 நிமிடமே. எஞ்சியது அரசுகள் வகுத்தது. 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அதற்கு முன்னர் வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது.

இனித் தூரம். உலக உருண்டையில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது யாழ்ப்பாணத்துக்குச் சற்று வடக்கே சென்று, வங்கக்கடலைத் தாண்டி, சுமத்ராவின் வடபகுதியைத் தொட்டுச் செல்லும். நீளம் ஏறத்தாழ 3,160 கிலோமீட்டர். மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் இதைக் கடக்க 3 மணி 43 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் நாலேகால்.

அங்ஙனமாயின் 9-45க்கு வரவேண்டிய விமானம் ஒன்பதரைக்கே எப்படி வந்தது? ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று புழுதி வாரி வீசுவதைக் கொங்குநாட்டார் அறிவர். மேற்கு நோக்கி வரும் விமானத்தை அது தடுக்குமென்றே எண்ணத் தோன்றும். உயரே நிலைமை நேர்மாறானது. கோடையில் திபெத்தியப் பீடபூமி வெம்மையுறுகிறது. அதன்மேல் எழுந்த காற்று உயரத்தில் தெற்கே பரவுகையில், புவியின் சுழற்சியால் மேற்கே திரும்பி, தென்னிந்தியாவின் மேல் கீழ்க்காற்றாக விரைந்தோடுகிறது. இந்தக் கீழைத் தாரைக்காற்றை 1958-இல் ஆராய்ந்து விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம்.

கணக்கின் வசதிக்காக, வழிநெடுக அக்காற்றின் வேகம் மணிக்கு 70 கி.மீ. என்று கொள்வோம். சிங்கப்பூருக்குச் செல்லும் விமானத்தின் வேகம் 780 ஆகக் குறைந்து 4 மணி 3 நிமிடம் பிடிக்கும். கோவைக்கு வருவதோ 920 ஆக உயர்ந்து 3 மணி 26 நிமிடத்தில் முடியும். பேரன் முந்தி வந்த கால்மணி அதுவே.