சோழவரத்துப் பந்தயக் கார்கள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் வழியில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அதையே கார் பந்தயக் களமாக்கியது. பிப்ரவரி வந்தால் நாடே அங்கே திரளும். வெளிநாட்டுக் கார்களை வாங்கி வந்து ஓட்டினார்கள் பணக்காரர்கள். கோவை கரிவரதனோ தானே கார்களை வடிவமைத்தார். அந்தத் துணிச்சல்தான் நம் பந்தய வரலாற்றின் பெருமிதம்! 1990-ல் பந்தயங்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. இன்றைய தேசிய கார் பந்தய சாம்பியன்ஷிப் சுற்றுகள் அங்கேயும், கரிவரதன் பெயர் தாங்கிய கோவை கரி ஸ்பீட்வேயிலும் நடக்கின்றன.