நீரை எண்ணி ஊற்ற வேண்டிய செடி

மருத்துவமனைக்கும் வீட்டிற்குமாக அலையும் குடும்பங்களில் முதலில் வாடுபவை முற்றத்துச் செடிகள்தாம். பத்து நாள் உள்நோயாளியுடன் தங்கிவிட்டுத் திரும்பும்போது துளசி சருகாகியிருக்கும். ரோஜா வெறுங்குச்சியாக நிற்கும். கணவரின் சிகிச்சைக்காக வாரம் மூன்று நாள் வந்து செல்லும் அம்மையார் ஒருவர், கவனிக்க ஆளில்லாவிட்டாலும் பிழைத்திருக்கும் செடி ஏதேனும் உண்டா என்று எங்களிடம் கேட்டார். உண்டு என்று சொல்லி, யூக்காவைப் பரிந்துரைத்தோம்.

வாள் போன்ற இலைகள் தண்டின் உச்சியில் கொத்தாக விரிந்து நிற்கும் செடி இது. பார்வைக்குத் தாழைக்கும் கற்றாழைக்கும் இடைப்பட்டதாகத் தோன்றும். முதிர்ந்த செடியில் நீண்ட தண்டு எழுந்து, மணி வடிவ வெண்பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மெக்சிகோவும் அமெரிக்காவின் தென்பகுதியும் இதன் தாயகம். மரவள்ளிக் கிழங்கிற்கும் அங்கே ஏறத்தாழ இதே பெயர்தான். இரண்டிற்கும் உறவேதும் இல்லை. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் இதன் ஓர் இனத்தின் மலரே தேசிய மலர். நாம் முருங்கைப் பூவைச் சமைப்பது போல அங்கே அதனைச் சமைத்து உண்கின்றனர். நம் வீட்டுத் தொட்டியில் பூப்பதைச் சமைக்க வேண்டாம். எல்லா இனங்களும் ஒன்றல்ல.

தூத்துக்குடிக்கு இச்செடி பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மி.மீ. மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். எஞ்சிய மாதங்களில் வெயிலும் உப்புக் காற்றும். யூக்கா அலோய்ஃபோலியா என்னும் இனம் இயல்பாகவே கடலோர மணல்மேடுகளில் வளர்வது. உப்புக் காற்று அதற்குப் புதிதன்று. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்கின்றன. அவ்வழியே நீரும் ஆவியாகிவிடுகிறது. இதுவோ, நம் ஊர்ச் சோற்றுக் கற்றாழையைப் போலவே, இரவின் குளுமையில் துளைகளைத் திறந்து வாயுவைச் சேமித்துக்கொண்டு, பகலில் மூடிக்கொள்கிறது. இதனால் சில வாரங்கள் நீரின்றியும் தாங்கும்.

வறட்சியைத் தாங்கும் இச்செடி, மிகுதியான நீரைத் தாங்காது. இதை நாங்கள் இழப்பின் வழியாகவே கற்றோம். காத்திருப்போர் தாழ்வாரத்தில் இரு தொட்டிகள் வைத்திருந்தோம். அங்கே அமர்ந்திருப்போர் வாட்டம் தெரியாதிருக்கச் செடிக்கு ஏதாவது செய்ய விரும்பினர். குடித்து மிஞ்சிய தண்ணீரை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினர். இரண்டு மாதத்தில் ஒரு தொட்டியின் தண்டு அடியில் நைந்து, கைபட்டதும் சாய்ந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஊற்றியவை எல்லாம் அன்பான கைகள்.

ஆகவே மண் கலவையில்தான் முதற்கவனம் வேண்டும். இரு பங்கு பருமணல் அல்லது உடைத்த செங்கல் துகள், ஒரு பங்கு தோட்டமண், கைப்பிடியளவு மக்கிய எரு போதும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. அடித்துளையின் மேல் ஓட்டுச் சில்லு வைக்கலாம். சிப்பி வைப்பதாயின் நல்ல நீரில் பலமுறை அலசிய பின்னரே வைக்க வேண்டும். பவளத் துண்டுகளைச் சிலர் அழகிற்காகத் தொட்டியில் இடுவதுண்டு. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றை எடுப்பதும் வாங்குவதும் கூடாது.

தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் விரல் நீளம் செருகி எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் ஊற்ற வேண்டாம். கோடையில் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை துளை வழியே வடியும்வரை ஊற்றினால் போதும்; மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். நீரை அளந்து குடிக்க வேண்டிய சிறுநீரக நோயாளர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்து, தமக்கும் இதற்கும் ஒரே பத்தியம் என்றார். 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. மழை கொட்டியது, ஓராண்டு மழையினும் மிகுதி. இப்படியும் நிகழும் ஊர் இது. எனவே தொட்டியைச் செங்கல்லின் மேல் உயர்த்தி வைப்பது நன்று. அடித்தட்டு வைக்கவே வேண்டாம். தட்டில் தேங்கும் நீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

இனி எச்சரிக்கை. அலோய்ஃபோலியாவின் இலைநுனி ஊசி போன்றது. குனியும்போது கண்ணிலோ காதிலோ குத்தலாம்; காதினுள் குத்திச் செவித்திறன் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் ஆஸ்திரேலியாவில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு முள் ஏறியதே தெரியாமல் புண் முற்றிவிடும். அத்தகையோர் வீட்டில் முள்ளற்ற யூக்கா ஜைஜான்டியா இனத்தைக் கேட்டு வாங்குக. எந்த இனமாயினும் நடைபாதையில் வேண்டாம். நீரிழிவு உள்ளோர் மண்ணைத் தொடும்போது கையுறையும் காலணியும் கட்டாயம். மெலியோய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றின் கிருமி தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் உண்டு, அது பெரிதும் தாக்குவது நீரிழிவுடையோரையே. முள் ஆழமாகக் குத்தினால் டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இலையில் உள்ள சப்போனின் நாய், பூனைகளுக்கு வாந்தியை உண்டாக்கும்.

நாற்றங்கால்களில் யூக்காவின் அருகிலேயே பாலைவன ரோஜா என்னும் அடீனியம் விற்கப்படும். அழகிய பூதான், ஆயினும் அதன் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்புமுனையில் தடவினர். சிறு குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

நலம் விசாரிக்க வருவோர் அன்பளிப்பாகச் செடி கொணர்வதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவிலும், புற்றுநோய் மருந்து பெற்று வெள்ளணுக்கள் குறைந்தோரின் அறையிலும் மண்தொட்டிக்கு இடமில்லை. ஈரமண்ணில் வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடும். செவிலியர் திருப்பி அனுப்பினால் மனவருத்தம் கொள்ளாமல், அதனை வீட்டு வாசலில் வைத்துத் திரும்பி வருவோருக்காகக் காத்திருக்கச் செய்யுங்கள்.

சாய்ந்த செடியை நாங்கள் எறிந்துவிடவில்லை. நைந்த பகுதியை வெட்டி நீக்கி, நல்ல தண்டை நிழலில் ஒரு வாரம் காயவைத்து, உலர்ந்த கலவையில் நட்டோம். சில வாரங்களில் வேர் பிடித்தது. இப்போது இரு தொட்டிகளிலும் ஓர் அட்டை தொங்குகிறது. கடைசியாக நீர் ஊற்றிய தேதி அதில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை நீங்கள் தாழ்வாரத்தில் காத்திருக்கும்போது, ஊற்றுவதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள். பதினான்கு நாள் கடந்திருந்தால் ஒரு குவளை நீர் உங்கள் கையால் ஊற்றி, புதிய தேதியை எழுதிவிடுங்கள். எழுதுகோல் அட்டையின் பின்னே செருகியிருக்கிறது.