உள்ளத்திற்கும் மருத்துவம் உண்டு

காய்ச்சல் கண்டவரைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. மனம் நோயுற்றவரை மட்டும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று கேலி பேசுகிறோம். 1911ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் அவ்வூரில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை இன்று ‘பஹாகியா’ எனப் பெயர் தாங்கி நிற்கிறது. மலாய் மொழியில் அதற்கு ‘மகிழ்ச்சி’ என்பது பொருள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, ஊணும் உறக்கமும் கெட்டு வாடுவது மனச்சோர்வு. தக்க காரணமின்றி நெஞ்சு படபடக்க ஓயாது அஞ்சுவது பதற்றநோய். பிறர் செவிக்கு எட்டாத குரல்களைக் கேட்பது மனச்சிதைவின் ஓர் அறிகுறி. இவை பேயுமல்ல, செய்வினையுமல்ல. மூளையின் இயக்கமும் பரம்பரையும் வாழ்க்கை இடர்களும் கூடி விளைவிப்பவை.

அரசாங்க கிளினிக்கிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். ஆலோசனையும் மருந்தும் நோயைத் தணிக்கும். மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நலம் தெரிந்ததும் தாமாக அதை நிறுத்துதல் கூடாது.

நம் தோட்டத்தில் தாயொருத்தி மகப்பேற்றுக்குப்பின் பேச்சற்றுப் போனாள். ‘காற்றுக் கருப்பு’ என்று கயிறு கட்டி மூன்று மாதம் காத்திருந்தோம். பின்னர் மருத்துவம் பெற்றுத் தேறினாள். கயிறு கட்டியது பிழையன்று. கிளினிக்கிற்குக் காலந்தாழ்த்தியதே நம் பிழை.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் எவரேனும் இவ்வாறு வாடினால் ஆசிரியரிடம் தயங்காது கூறுங்கள். கேலி நோயை மறைக்கச் செய்யும். பரிவே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.