கிருமியின் கால்வழி

மனிதக் குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகளுள் ஒன்று கிளெப்சியெல்லா நிமோனியே. எட்வின் கிளெப்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரைத் தாங்கிய இக்கிருமி, நலமாக இருப்பவரின் குடலில் எத்தீங்கும் செய்யாமல் காலங்கழிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் நுரையீரலையோ இரத்தத்தையோ அடைந்துவிட்டால், அதுவே உயிரைப் பறிக்கவும் வல்லது. செயற்கைச் சுவாசக் குழாய், சிறுநீர் வடிகுழாய், அறுவைப் புண் ஆகியன அதற்கு வாயில்களாகின்றன. நோயால் தளர்ந்த உடலோ எதிர்க்கும் ஆற்றலை ஏற்கெனவே இழந்திருக்கிறது.

ஒரு மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளிடம் இக்கிருமி காணப்பட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது எனக் கூறிவிட முடியுமா? முடியாது. இருவரும் தத்தம் குடலிலேயே அதைச் சுமந்து வந்திருக்கலாம். இனத்தின் பெயர் இங்கு விடை தராது. திரிபைக் கண்டறிந்தாக வேண்டும். ஓர் இனத்துக்குள்ளேயே மரபணுக்களால் சற்று வேறுபட்டுத் தமக்கெனத் தனிக் கால்வழி கொண்ட கூட்டங்களே திரிபுகள் எனப்படுகின்றன.

எண்ணே பெயராக

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ. மூலக்கூறில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளது எனலாம். கிளெப்சியெல்லாவின் திரிபுகளை வகைப்படுத்த, அது உயிர்வாழ இன்றியமையாத ஏழு மரபணுக்களின் பகுதிகளை ஆய்வாளர் படிக்கின்றனர். அவற்றின் எழுத்து வரிசைக்கேற்பத் திரிபுக்கு ஓர் எண் வழங்கப்படுகிறது. பாக்டீரியாக்களை இவ்வாறு வகைப்படுத்தும் முறை 1998இல் அறிமுகமானது. எந்த நாட்டு ஆய்வகத்தில் படித்தாலும் ஒரே எண்ணே கிடைக்கும் என்பது இதன் பெரும்பயன்.

அவ்வாறு எண் பெற்றவற்றுள் மருத்துவர்களை மிகவும் அச்சுறுத்தியது ‘வரிசை வகை 258’. பிற மருந்துகள் பயனளிக்காதபோது நாடப்படும் கார்பபெனெம் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்றை இத்திரிபு பெற்றிருந்தது. கே.பி.சி. என அந்நொதி அழைக்கப்படுகிறது.

பெத்தெஸ்டாவில் நிகழ்ந்தது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெத்தெஸ்டாவில், தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வு மருத்துவமனை இயங்கி வருகிறது. 2011 ஜூன் மாதம், நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு பெண் நோயாளி அங்கு மாற்றப்பட்டார். கே.பி.சி. கொண்ட கிருமி அவரிடம் இருப்பது முன்னரே அறியப்பட்டிருந்ததால், தொடக்கத்திலேயே அவரைத் தனிமைப்படுத்தினர். ஜூலை நடுவில் அவர் வெளியேறினார். வேறெவரிடமும் அக்கிருமி அதுவரை காணப்படவில்லை.

மூன்று வாரங்கள் சென்றபின், ஆகஸ்டு தொடக்கத்தில் மற்றொரு நோயாளியிடம் அது வெளிப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவராகப் பட்டியல் நீண்டது. மொத்தம் 18 பேரிடம் அக்கிருமி கண்டறியப்பட்டது. அவர்களுள் 11 பேர் இறந்தனர். 6 பேரின் இறப்புக்கு அத்தொற்றே காரணம் எனக் கணிக்கப்பட்டது.

இரண்டாமவர் பெற்ற கிருமி முதலாமவருடையதா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா? மூன்று வார இடைவெளி ஐயத்தை எழுப்பியது. வரிசை எண்ணும் இங்குக் கைகொடுக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவியிருந்த கே.பி.சி. கிருமிகளுள் பெரும்பாலானவை 258ஆம் வகையையே சேர்ந்தவை. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர் இருந்தால், பெயரைக் கேட்டு ஆளை எப்படி அடையாளம் காண்பது? எனவே ஆய்வாளர் ஏழு மரபணுக்களோடு நில்லாது, ஏறத்தாழ 60 இலட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத்தொகை முழுவதையும் படித்தனர்.

இம்முறையின் உட்பொருள் தமிழ் மாணவருக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுப்போர் ஆங்காங்கே பிழை செய்வர். அப்பிழையோடு கூடிய சுவடியை அடுத்தவர் படியெடுக்கும்போது பழைய பிழையும் தொடர்கிறது; புதிய பிழையொன்றும் சேர்கிறது. இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவை ஒரு மூலத்தின் வழிவந்தவை என ஊகிக்கலாம். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டுக் குறித்த உழைப்பு இத்தகைய ஆய்வுக்கு உதவுவதே. கிருமி பெருகும்போதும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அதில் அரிதாக ஓர் எழுத்து மாறுகிறது. அம்மாற்றம் வழித்தோன்றல்களிடம் நிலைக்கிறது.

பெத்தெஸ்டாக் கிருமிகளின் எழுத்துகள் மிகச் சில இடங்களில் மட்டுமே வேறுபட்டன. முதல் நோயாளியின் உடலில் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளுக்கிடையேயும் சிறு வேறுபாடுகள் இருந்தன. அவ்வேறுபாடுகளைப் பின்தொடர்ந்தபோது, அவரிடமிருந்தே மூன்று தனித்தனி முறை கிருமி பிறருக்குச் சென்றது தெளிவாயிற்று. இடைப்பட்ட வாரங்களில் அது மறைந்துவிடவில்லை. நோய்க்குறி ஏதுமின்றிச் சிலர் அதைச் சுமந்திருந்தனர். கிருமி கண்டறியப்பட்ட வரிசையும் அது பரவிய வரிசையும் ஒன்றாக இல்லை.

இவ்வுண்மை மருத்துவமனையின் நடைமுறையை மாற்றியது. நோயுற்றவரை மட்டும் சோதிப்பது போதாது என உணர்ந்து, பிற நோயாளிகளிடமும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தூய்மை செய்யப்பட்ட பின்னரும் ஒரு செயற்கைச் சுவாசக் கருவியில் அக்கிருமி எஞ்சியிருந்தது. கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களிலும் அது காணப்பட்டது. அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி செலுத்தப்பட்டது. தொற்றுடையோரைப் பிரித்துவைக்கச் சுவரே எழுப்பப்பட்டது. பணியாளர்கள் முறையாகக் கைகழுவுகிறார்களா எனப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஆண்டிறுதியில் பரவல் அடங்கியது. எனினும் 2012இல் அதே திரிபு மேலும் ஒருவரின் உயிரைக் கவர்ந்தது.

திரிபைத் தாண்டும் மரபணு

கால்வழியைத் தொடர்வதால் மட்டும் எல்லாப் பரவலும் புலப்பட்டுவிடாது. எதிர்ப்பாற்றலைத் தரும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் அமைந்துள்ளன. ஒரு பாக்டீரியா இவ்வளையத்தை, உறவே இல்லாத மற்றொன்றுக்கும் கொடுத்துவிடும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வராமல், அண்டை வீட்டாரிடமிருந்து வரும் சொத்து இது.

கார்பபெனெமைச் சிதைக்கும் மற்றொரு நொதியான என்.டி.எம்.-1 பற்றி 2010இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. அரியானாவில் எடுக்கப்பட்ட கிளெப்சியெல்லாக்கள் ஒரே கால்வழியைச் சேர்ந்தவையாக இருந்தன. சென்னையில் எடுக்கப்பட்டவையோ பல்வேறு கால்வழிகளைச் சேர்ந்தவை. ஓரிடத்தில் திரிபு பரவியது; மற்றோரிடத்தில் பல திரிபுகளுக்குள் மரபணு புகுந்திருந்தது. முன்னதைத் தடுக்க, கிருமி எந்தப் படுக்கையிலிருந்து எந்தப் படுக்கைக்குச் சென்றது எனத் தேடலாம். பின்னதில் படுக்கைகளை மட்டும் ஆராய்ந்து பயனில்லை. பல திரிபுகளுக்கும் பொதுவாக அமைந்த பிளாஸ்மிட்டின் எழுத்துகளையும் படித்தாக வேண்டியிருக்கிறது.