சித்தப்பா பார்க்காத டக்கார்

டிசம்பர் விடுமுறைக்கு நண்பர்கள் கியூபா, மெக்சிகோ என்று டிக்கெட் போட, நான் செனகலின் சென்ட் லூயி நகரத்துக்குப் போட்டேன். மொன்றியலில் இருந்து கசபிளாங்கா, அங்கிருந்து டக்கார், பிறகு வடக்கே சுமார் 260 கிலோமீட்டர் தரைவழி. மலேரியா மாத்திரையை மறக்கக் கூடாது.

“அங்க என்னடா கிடக்கு?” அம்மா கேட்டா.

கிடக்கு. 1659இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த ஊர் அது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியின் அவுரி நீலத் துணி கப்பலேறி அங்கேதான் இறங்கியது. செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணிதான் காசு. அதைக் கொடுத்துத்தான் பிசின் வாங்கினார்கள்.

ஆனால் எனக்கு டக்கார்தான் முக்கியம். தொண்ணூறுகளில் கனடா வரும் வழியில் ஏஜென்சிக்காரன் சித்தப்பாவை அங்கே ஓர் அறைக்குள் ஏழு மாதம் வைத்திருந்தான். யன்னல் திறக்கவே கூடாது. அவராவது வந்து சேர்ந்தார். 1998இல் செனகல் கடலில் 192 இலங்கைத் தமிழரோடு ஒரு கப்பல் அகப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் கொழும்புக்கே திருப்பப்பட்டார்கள். அதில் கனடாவுக்கும் பங்கிருந்தது.

“நீங்களும் வாறீங்களா?” என்று கேட்டபோது சித்தப்பா மறுத்துவிட்டார். போன வாரம் சென்ட் லோரன்ட் வீட்டுக்கு அவரே வந்தார்.

“இரவில கடல் சத்தம் கேக்கும் தம்பி. ஒருநாளும் பாக்கேல்லை. போவமே?”

இரண்டாவது டிக்கெட்டும் போட்டாச்சு. இப்போது கையில் கனேடியக் கடவுச்சீட்டு, 90 நாளுக்கு விசாவே வேண்டாம்.

வந்த வழியைப் பேசாத ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அடுத்த டிக்கெட் போடுவதற்கு முன் அவரிடம் ஒருக்கால் கேளுங்கள்.