யமஹா கிற்றாரும் அதன் வரலாறும்

நரம்புக் கருவிகளுள் இன்று உலகெங்கும் பரவியிருப்பது கிற்றார். அது வடிவம் பெற்ற நாடு ஸ்பானியா. உருக்குக் கம்பி பூண்டு பெருங்குரல் பெற்றது ஐக்கிய அமெரிக்காவில். இவ்விரு நாடுகளின் மரபுக்கும் யாதொரு தொடர்புமில்லாத யப்பான், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உலகுக்குக் கிற்றார் வழங்கும் நாடாயிற்று. யப்பானியர் பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வர், விலையைக் குறைத்து விற்பர் என்பது நெடுநாள் வழங்கிய கூற்று. மலிவான கருவி தாழ்ந்த கருவியே என்னும் எண்ணமும் அதனோடு சேர்ந்தே வழங்கிற்று. இவை எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வார்க்கு யமஹா நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும்.

இந்நிறுவனத்தைத் தொடக்கியவர் இசைவாணர் அல்லர்; கருவி திருத்துபவர். ரொரக்குசு யமஹா 1851ஆம் ஆண்டில், இக்காலத்து வக்கயாமா மாவட்டத்தை உள்ளடக்கிய கீ நாட்டிலே சாமுராய்க் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் வானியலும் நில அளவையும் அறிந்தவர். மைந்தர் நாகசாக்கி சென்று கடிகாரத் தொழில் பயின்று, பின்னர் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலும் கைதேர்ந்து, ஹமமற்சு என்னும் ஊரை அடைந்தார். 1887இல் அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் இருந்த அமெரிக்க ஓர்கன் ஒன்று பழுதுற்றது. அதனைத் திறந்து நோக்கிய யமஹா, பழுதை நீக்கியதோடு அமையாது, உள்ளுறுப்புக்களை எல்லாம் வரைந்து கொண்டார். இத்தகைய கருவியைத் தாமே செய்யலாம் என்னும் துணிவு அவருக்கு உண்டாயிற்று. கவாய் கிசபுரோ என்னும் கம்மியரைத் துணைக்கொண்டு ஓர்கன் ஒன்றைச் செய்தும் முடித்தார்.

செய்ததை மதிப்பிட வல்லார் ஹமமற்சுவில் இல்லை. ஆதலின் இருவரும் அதனைக் காவுதடியிற் கட்டித் தோளிற் சுமந்து, ஹக்கோனே மலையைக் கடந்து, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ரோக்கியோ இசைப்பள்ளிக்குக் கொண்டு சென்றனர். அவ்வூர்களை இணைக்கும் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது 1889இலேதான். பள்ளியின் தலைவரான இசவா சூஜி கருவியைச் சோதித்து, வடிவம் நன்று, சுருதி பொருந்தவில்லை எனத் தீர்ப்புக் கூறினார். அத்துணைத் தொலை சுமந்து வந்தவரின் மனநிலையை ஊகித்துக் கொள்ளலாம். எனினும் யமஹா ஊர் திரும்பவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் அப்பள்ளியிலேயே இருந்து இசையிலக்கணம் கேட்டார்.

அவர் அங்கே கற்றது யாது என்பதை ஹார்மோனியம் அறிந்தோர் எளிதில் உணர்வர். ஓர்கனின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு பித்தளை நாக்கு உண்டு. நாக்கின் நுனியிற் சிறிது சுரண்டினால் மீடிறன் கூடிச் சுரம் ஏறும். அடியிற் சுரண்டினால் சுரம் இறங்கும். தச்சும் பொறியும் அறிந்த கை மட்டும் இதற்குப் போதாது, செவி வேண்டும், செவிக்கு அளவுகோலாக இசைக்கவர் வேண்டும். இசைக்கவரைக் கையிற் கொண்டு இரவும் பகலும் உழைத்து அவர் செய்த இரண்டாவது ஓர்கன், இறக்குமதிக் கருவிகளுக்கு ஈடானது என ஏற்றுக்கொள்ளப்பட்டது. மூன்று இசைக்கவர்கள் பொருந்திய யமஹா முத்திரையின் தோற்றம் இதுவே. அம்முத்திரை பின்னாளில் மோட்டார்ச் சைக்கிள்களிலும் ஏறிவிட்டமையால், அதனை யாதோ பொறியின் உறுப்பெனக் கருதுவார் பலர்.

1897இல் நிப்பொன் கக்கி என்னும் பெயரிற் கொம்பனி நிறுவப்பட்டது. யப்பானிய இசைக்கருவி என்பது அதன் பொருள். 1900இல் நிலைப் பியானோவும் 1902இற் கிடைப் பியானோவும் வெளிவந்தன. 1916இல் யமஹா இறந்தார். 1926இல் 105 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தம் நிறுவனத்தை நிலைகுலையச் செய்தது. போர்க்காலத்தில் அங்கு வானூர்திச் சுழலிகள் செய்யப்பட்டன. தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்கு இலக்காயின. போர் ஓய்ந்த 1945இலேயே வாய் ஆர்மோனிக்காவுடன் இசைத்தொழில் மீண்டும் தொடங்கியது. கிற்றார் அங்கே முளைத்ததும் 1940களிலேதான். பியானோவுக்கு மரம் உலர்த்தவும் வளைக்கவும் ஒட்டவும் பழகிய கைகளே கிற்றாரையும் செய்தன என்பதை மறத்தல் ஆகாது.

ஈண்டு கிற்றாரின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். கம்பி தானாக அசைக்கும் காற்று மிகச் சிறிது. அதன் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்ல, பலகை பரிவுற்றுப் பெருமளவு காற்றை அசைப்பதனாலேயே ஒலி நம் செவிக்கு எட்டுகின்றது. வீணையின் குடம் குடைந்தெடுக்கப்படுவது. கிற்றாரின் உடலோ மெல்லிய பலகைகளை ஒட்டிய பெட்டி. மேற்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஆறு உருக்குக் கம்பிகளின் மொத்த இழுவையோ ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். பலகையைத் தடிப்பாக்கினால் ஊமையாகும். மெலிதாக்கினால் வளைந்து பிளக்கும். உட்புறத்தில் ஒட்டப்படும் தாங்குசட்டங்களை எங்கே, எவ்வளவு கனத்தில் வைப்பது என்பதிலேயே கிற்றார்த் தொழிலின் நுட்பம் பெரும்பாலும் அடங்கும்.

யமஹாவின் தொடக்கக் கிற்றார்கள் ஸ்பானிய உருவினை ஒட்டியவை. நைலோன் நரம்புக் கிற்றாரை முறைப்படி அறிய, 1960களில் கிரனாடா நகரத்துக் கருவியாளர் எடுவார்டோ பெரர் ஹமமற்சுவுக்கு அழைக்கப்பட்டார். ஒரு தொழிற்சாலை, பட்டறைக் கலைஞர் ஒருவரை ஆசிரியராகக் கொண்டு கற்றது பாராட்டத்தக்கது. அவ்வழியில் வளர்ந்த ஜி.சி. வரிசை, கைவேலைக் கருவிகளாக இன்றும் வருகின்றது. மாணவர்க்குரிய சி.ஜி. வரிசையும் சி.40 என்னும் எளிய கருவியும் அதன் கீழ்ப்படிகள்.

ஆயினும் யமஹாவின் பெயரை உலகறியச் செய்தவை 1966இல் வெளிவந்த இரு உருக்குக் கம்பிக் கிற்றார்களே: எவ்.ஜி. 180, எவ்.ஜி. 150. முன்னெழுத்துக்கள் நாட்டார் இசைக் கிற்றார் எனப் பொருள்படும். எண்களோ விலையைக் குறிப்பன. முன்னது 18,000 யென், பின்னது 15,000 யென். அமெரிக்க நாட்டார் பாடல் யப்பானிய மாணவரைக் கவர்ந்திருந்த காலம் அது. அமெரிக்க மாட்டின் கிற்றாரையோ கிப்சனையோ வாங்குதல் அம்மாணவருக்குக் கனவு. அக்கருவிகளை அப்படியே பார்த்துச் செய்த யப்பானிய நிறுவனங்கள் பிறவும் உண்டு. அவற்றுட் சில நல்ல கருவிகளையே செய்தன. எவ்.ஜி.யின் உடலோ அவ்விரண்டின் உருவத்தையும் ஒத்ததன்று. தோளும் இடையும் வேறு வளைவு கொண்டவை. அது யமஹாவின் சொந்த வரைவு. பார்த்துச் செய்தல் என்னும் குற்றச்சாட்டு இங்குப் பொருந்தாது.

மலிவு என்பதே எஞ்சிய வினா. எவ்.ஜி. 180இன் மேற்பலகை ஸ்புறூஸ் மரத்தின் ஒட்டுப்பலகை. பக்கங்களும் பின்புறமும் மகோகனி ஒட்டுப்பலகை. கிற்றார் அறிந்தோர் ஒட்டுப்பலகை எனக் கேட்டமாத்திரத்தே முகஞ்சுளிப்பர். அதற்குக் காரணமும் உண்டு. ஸ்புறூஸ், நார் ஓடும் திசையில் மிக விறைப்பும் குறுக்கே நெகிழ்வும் உடையது, பாரமோ குறைவு. மேற்பலகைக்கு வேண்டிய குணங்கள் இவையே. ஒட்டுப்பலகையில் ஓர் அடுக்கின் நார் நெடுக்கிலும் மறு அடுக்கின் நார் குறுக்கிலும் செல்வதால் அவ்வேறுபாடு மழுங்குகின்றது. இடையிலுள்ள பசையும் அதிர்வைச் சிறிது விழுங்குகின்றது. ஒரே மரத்தாலான பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல இனிமை பெறும் என்பர். ஒட்டுப்பலகை பெரும்பாலும் பிறந்தபடியே இருக்கும்.

மறுபக்கத்தையும் காண்க. ஒரே மரப்பலகை ஈரக்காற்றில் வீங்கும், வறண்ட காற்றிற் சுருங்கிப் பிளக்கும். நனைந்த கோடையும் உலர்ந்த குளிரும் மாறி வரும் யப்பானிலே, கருவியைப் பேணும் வசதியற்ற மாணவனின் அறையிலே, பிளவாத கிற்றார் எத்துணை பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி அழுத்தும் உயரமும் மெட்டுக்களின் இடமும் பிழையின்றி அமைந்திருந்தமையால், கற்போனின் விரல் வீணே வருந்தவில்லை, சுரமும் தவறவில்லை. தொடக்க மாணவனுக்குத் தேனொழுகும் ஒலியினும் இதுவே முதற்றேவை. சுருதி தவறும் கருவியிற் பயில்வோனின் செவி கெட்டுவிடும்; பின்பு அதனைத் திருத்துதல் அரிது.

1969 ஆகஸ்ட்டில், அமெரிக்காவின் வூட்ஸ்ரொக் இசைவிழாவிலே, கன்றி ஜோ மக்டோனல்ட் என்னும் பாடகர் எதிர்பாராமல் தனித்து மேடையேற நேர்ந்தது. அவர் கையில் அகப்பட்டது ஓர் எவ்.ஜி. 150. தோள்வாருக்குப் பதிலாகக் கயிறொன்றைக் கட்டிக்கொண்டு பெருங்கூட்டத்தின் முன் அவர் பாடினார். விழாவைப் பற்றிய திரைப்படத்தில் இக்காட்சி இடம்பெற்றுள்ளது.

1970களில் நிறுவனம் மறுகோடியையும் நாடி, ஒரே மரப்பலகைகளால் கைவேலையாகச் செய்யும் எல். வரிசையைத் தொடக்கியது. ஜோன் டென்வர் எல்.53 வாசித்தார். பிரித்தானிய நாட்டார் இசைக் கிற்றார் வித்தகரான பேட் ஜான்ஷ் தம் பிற்காலத்தில் எல்.எல். 11 என்னும் கருவியைக் கையாண்டார். இன்று இவ்வரிசையின் மேற்பலகைகள் வெப்பம், ஈரப்பதம், அமுக்கம் ஆகியவற்றை அளந்து பதப்படுத்தப்படுகின்றன. பல்லாண்டு பழகிய மரத்தின் இயல்பைப் புதுமரத்துக்கு ஊட்டுதலே நோக்கம்.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1987இல், நிறுவனம் யமஹா என்னும் பெயரையே கொம்பனிப் பெயராக்கிய ஆண்டில், மின்னொலி பெருக்கியுடன் இணைக்கத்தக்க மெல்லுடல் ஏ.பி.எக்ஸ். வந்தது. 2001இல் வந்த ஓசையிலாக் கிற்றாருக்குச் சட்டம் உண்டு, பெட்டி இல்லை. வாசிப்பவர் செவிப்பொறியிற் கேட்பார், அயலவர் உறங்குவர். கிற்றலேலே என்னும் சிறுகருவியில் அதிரும் கம்பியின் நீளம் 433 மில்லிமீற்றர். வழக்கமான கிற்றாரினும் ஐந்து சுரத்தானம் உயர்த்திச் சுருதி கூட்டப்படுவது. அண்மைக்கால முயற்சியொன்றில், பெட்டியின் உட்புறத்தில் அமைந்த அதிர்வி, மின்பெருக்கி இன்றியே எதிரொலிப்பைக் கூட்டுகின்றது. வியப்பூட்டுவதேயாயினும், கற்போனுக்கு இன்றியமையாததன்று.

எவ்.ஜி. வரிசை இடையறாது தொடர்கின்றது. உற்பத்தி படிப்படியாகத் தாய்வான், இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளுக்கும் சென்றது. 2016இல் வெளிவந்த எவ்.ஜி. 800இன் மேற்பலகை ஒட்டுப்பலகையன்று, ஒரே ஸ்புறூஸ் மரம். தாங்குசட்டங்களும் பாரம் குறையக் குடையப்பட்டவை. ஆயினும் அது மாணவர் கருவியாகவே விற்கப்படுகின்றது. சிறுகையினர்க்கு அதே தரத்தில் எவ்.எஸ். 800 உண்டு.

1966இன் கருவிகளோ, உள்ளே ஒட்டிய சிவப்புச் சீட்டால் அடையாளம் காணப்பட்டு, பழைய பொருள் நாடுவோராற் தேடப்படுகின்றன. வாங்குவோர் ஒன்றை ஆராய்தல் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலான கம்பி இழுவையாற் கழுத்து முன்சாய்ந்து, கம்பி மெட்டுக்களுக்கு மேலே உயர்ந்து நிற்கலாம். கழுத்தைக் கழற்றி மீளப் பொருத்தும் கூலி, சிலவேளை கிற்றாரின் விலையையும் விஞ்சும். 2019இல் நிறுவனமே அச்சிவப்புச் சீட்டைப் புதுப்பித்து எவ்.ஜி. 3, எவ்.ஜி. 5 என இரண்டை வெளியிட்டது. உருவம் பழையது, மரமோ மேலும் பக்கமும் பின்புறமும் ஒட்டில்லாத ஒரே பலகைகள். எவ்.ஜி. 5 யப்பானிலேயே செய்யப்படுவது. அதன் விலை மாணவர் கைக்கு எட்டுவதன்று.