சிக்கனத்தில் தேகாப்பியாசம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது முதுமொழி. கல்வியாகிய சித்திரத்துக்கு உடலே சுவர். எனினும், அச்சுவரைப் பேணுவதற்குப் பெரும்பொருள் வேண்டும் என்னும் எண்ணம் இன்று பலரிடம் வேரூன்றியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், இறக்குமதிச் சாதனங்களின் விலையைக் கேட்ட அளவிலேயே பின்வாங்குவோர் பலர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கோ அவை எட்டாக்கனி. ஆயினும், வேண்டிய கருவிகளிற் பெரும்பாலானவை தோட்டத்திலேயே உள என்பதைக் காட்டுவதே எமது நோக்கம்.

நாள்முழுதும் மலையேறி உழைப்போருக்கு அப்பியாசம் எதற்கு எனச் சிலர் வினவுவர். தொழில் ஒரே அசைவை ஓயாது வேண்டுவது. கொழுந்து பறிப்போர் கூடைச் சுமையுடன் முன்னோக்கி வளைகின்றனர். இறப்பர்ப் பால் வெட்டுவோர் மரத்துக்கு மரம் குனிகின்றனர். தொழில் வளைத்ததை நிமிர்த்துவதே அப்பியாசம். நகரத்து அலுவலகங்களில் அமர்ந்துவிட்ட பழைய மாணவருக்கோ அசைவே அரிதாயிற்று. வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் கொள்ளவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. 5 முதல் 17 வயதுடையோர்க்கு அது விதித்தது நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம்.

இனிக் கருவிகளைக் காண்போம். முதலாவது, தாண்டிப் பழகுவதற்கான கயிறு. அதன் நடுவை மிதித்து நிற்க, இரு முனைகளும் அக்குளளவு எட்டுதல் போதிய நீளமாகும். லயத்து இஸ்தோப்பின் கூரை தாழ்ந்ததாதலின், பெரட்டுக்களத்து மண்தரையே இதற்குத் தக்க இடம்.

இரண்டாவது, பழைய சைக்கிள் டியூப். இறப்பர் விளையும் நம் மாகாணத்துக்கு இது மிகப் பொருந்தும். கல்லின் பாரம் மாறாதது. இறப்பரோ இழுக்க இழுக்க எதிர்ப்பது. டியூபை உறுதியான தூணில் மார்பளவு உயரத்திற் கட்டி, இரு முனைகளையும் பற்றிப் பின்னோக்கி இழுத்தால், கூனிய தோள்களை நிமிர்த்தும் தசைகள் வலுப்பெறும். மழைக்காலத்தில் இஸ்தோப்பிலேயே இதனைச் செய்யலாம். வெயிலும் எண்ணெயும் இறப்பரைக் கெடுக்குமாதலின், வெடிப்புக் கண்டதை உடனே விலக்குக. அறுந்து தெறிப்பின் கண்ணுக்குத் தீங்கு நேரும்.

மூன்றாவது, பாரம். ஒரு லீற்றர்ப் போத்தலில் நீரை நிரப்பினால் ஏறத்தாழ 1 கிலோ. உலர்ந்த மணலை நிரப்பினால் ஏறத்தாழ 1½ கிலோ. மேலும் பாரம் வேண்டுவோர், நன்கு கழுவிய உரப்பையில் மணலிட்டு இறுகக் கட்டிக்கொள்ளலாம். முதுகை வளைக்காது முழங்காலை மடித்துத் தூக்குதல் அவசியம்.

நான்காவது, கர்லாக்கட்டை. பாரதநாட்டு மல்லர்களின் இக்கருவியை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1904, 1932ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் அது போட்டியாகவும் இடம்பெற்றது. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அப்போட்டியில் முதற்பரிசு பெற்ற ஜோர்ஜ் ரோத், அக்காலப் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்திருந்தவர் என்பது நினைக்கத்தக்கது. வறுமை அவர் தோளின் வலிமையைக் குறைக்கவில்லை.

கருவியே இல்லாதார்க்குத் தண்டாலும் பஸ்கியும் உள. தோட்டத்து ஏற்றப்பாதையும் உளது. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையை இரத்தினபுரி வழியாக ஏறியோர், ஏற்றப்பயிற்சியின் அருமையை நன்கறிவர். காசு செலவிடுவதாயின் முதலிற் காலணிக்கே செலவிடுக. கற்பாதையில் ஓடுவோர்க்கு அளவாய்ப் பொருந்திய காலணியிற் சிக்கனம் கூடாது.

இவ்விழா ஆண்டில் தோட்டத்துப் பாடசாலைகளுக்கு உதவ விழையும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றில் ஒருநேரத்தில் ஒருவரே பயில இயலும். இரத்தினபுரி மழையில் அது துருப்பிடிப்பின் திருத்துவார் அருகிலில்லை. அப்பணத்தில் கயிறுகளும் பந்துகளும் காலணிகளும் வாங்கின் ஒரு வகுப்பே பயன்பெறும். அவற்றோடு, வாரந்தோறும் ஒருமணி நேரம் பயிற்றுவிக்க ஒருவர் முன்வருவாராயின், அதுவே அனைத்தினும் சிறந்த கொடையாகும்.